தாயில்பட்டியின் முன்பணம்

சிவகாசியில் நண்பர் ஒருவர் இல்லத்தில் சில பேர் கூடியிருந்த சமயம், பேச்சு பணத்தைப் பற்றித் திரும்பிற்று. பணமே சகல தீமைக்கும் வித்து என்றார் ஒரு பெரியவர். பணமில்லாதவனுக்குத் தர்மமும் இல்லை என்றார் இன்னொருவர். வீட்டுக்காரர் பட்டாசு ஆலை வைத்திருப்பவர், படித்தவர், பொதுக் காரியங்களுக்குத் தாராளமாகக் கொடுப்பவர். அவர் சிரித்துக்கொண்டே, “பணத்தை ஏன் வைகிறீர்கள், வக்கீல் ஐயா? அது அரிவாள் மாதிரி. கதிரையும் அறுக்கும், கழுத்தையும் அறுக்கும். அரிவாள் மேல் என்ன குற்றம்?” என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். நாமும் அசைத்தோம் என்பதை மறைப்பானேன்?

மறுநாள் தாயில்பட்டிக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு நடுவயது அம்மாளிடம், இப்பொழுது வேலை செய்யும் இடத்தில் கூலி எப்படி என்று விசாரித்தோம். “அடுத்த ஆபீஸ்ல கூடத்தான் தாராகய்யா. வாங்குன கணக்கு முடியாம எப்படிப் போக?” என்றார் அவர். முறையிடும் குரலிலும் அல்ல, கோபத்திலும் அல்ல. மழை வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். முந்திய நாள் நாம் தலையசைத்தது அப்பொழுது நினைவுக்கு வந்தது. அரிவாளைப் பற்றிய அந்த உபமானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

தாயில்பட்டி, விருதுநகர் ஜில்லாவில் வெம்பக்கோட்டைத் தாலுகாவைச் சேர்ந்த ஊர். சிவகாசிக்குத் தெற்கே இருப்பது. சுற்றிலும் கரிசல் நிலம். வானம் பார்த்த பூமி. ஆற்றுப் பாசனமில்லை, மழை பெய்தால் பருத்தியும் சோளமும் உண்டு, பெய்யாவிட்டால் இரண்டும் இல்லை. விவசாயத்துக்குச் சத்துருவான அந்த வறட்சியே தீக்குச்சிக்கும் வெடிமருந்துக்கும் மித்திரனாயிற்று. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து மத்தாப்பும், மத்தாப்பைத் தொடர்ந்து பட்டாசும் வந்தன. 1940-ல் வெடிபொருள் விதிகள் ஏற்பட்டு லைசென்ஸ் முறை வகுக்கப்பட்ட பிறகு இத்தொழில் இவ்வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும் பங்கு இங்கிருந்தே போகிறது. ஊரார் இவற்றை ஆலை என்று சொல்வதில்லை, ‘பயராபீஸ்’ என்பார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று பெயர். நாற்காலி, மேஜை, மின்விசிறி எதுவும் இல்லாத இந்த ஆபீசுகளில் உத்தியோகம் பார்ப்பவர்களே இந்தக் கிராமங்களின் ஜனங்கள்.

இப்பிரதேசத்திற்குப் பணம் நன்மை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மழையில்லாத வருஷங்களில் கரிசல் காட்டு ஜனங்கள் ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. வாரக்கூலி அந்த ஓட்டத்தை நிறுத்திற்று. பெண்கள் கையில் ரொக்கம் புழங்கியது. பிள்ளைகள் கல்லூரி வரை போனார்கள். ஆகவே பணம் பேய், காசு விஷம் என்ற துறவிகளின் பாஷையில் பேச நாம் வரவில்லை. வள்ளுவரே பொருட்பாலில் ‘பொருள் செயல்வகை’ என்று ஓர் அதிகாரத்தையும், ‘நல்குரவு’ என்று மற்றோர் அதிகாரத்தையும் வைத்தார். பொருளைத் தேடுவதன் அவசியத்தையும், இல்லாமையின் கொடுமையையும் அறிந்த புலவர் அவர்.

நாம் கேட்பது வேறு. பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு, எப்பொழுது போகிறது? வேலைக்குப் பின் வந்தால் அதற்குக் கூலி என்று பெயர். வேலைக்கு முன் வந்தால் முன்பணம். எழுத்தில் வித்தியாசம் சொற்பம். தாயில்பட்டியில் அதன் வித்தியாசம் ஒரு மனிதப் பிறவியின் வித்தியாசம்.

வருஷச் சக்கரத்தைப் பார்ப்போம். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சிறிது காலம் அடைக்கப்படுகின்றன. மழைக்காலமும் சேர்ந்துகொள்கிறது, ஈரத்தில் மருந்து காயாது, குழாய் உலராது. அந்த வாரங்களில் கூலி கிடையாது. ஆனால் வயிறும் பள்ளிக்கூடச் சம்பளமும் அடைபடுவதில்லை. கார்த்திகை, தை என்று கல்யாண மாதங்களும் தொடர்ந்து வருகின்றன. அப்பொழுதுதான் முன்பணம் வருகிறது. சில இடங்களில் முதலாளி கொடுக்கிறார். பல இடங்களில் போர்மேனோ காண்டிராக்டரோ கொடுக்கிறார். வட்டி கேட்பதில்லை. பத்திரம் எழுதுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரும் தொகையும் ஏறுகின்றன. அந்தப் புத்தகம் கொடுத்தவர் பெட்டியில் இருக்கிறது. கந்துவட்டிக்காரனோடு ஒப்பிட்டால் இது தெய்வம் போலத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

வட்டியில்லாக் கடன் என்று சொல்லப்படும் இதற்கு உண்மையில் வட்டியில்லையா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பெண் நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து ஆபீசில் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கணக்கு முடியும் வரை அவர் அங்கே போக முடியாது. வாரத்துக்கு ஆறு நாள், வருஷத்துக்கு நாற்பத்தைந்து வாரம் வேலை என்றால் அவர் இழப்பது பதின்மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். நாற்பதாயிரத்துக்குப் பதின்மூவாயிரத்து ஐந்நூறு என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பத்துநான்கு வட்டி! அசலோ அப்படியே இருக்கிறது; ஏனென்றால் அடுத்த தீபாவளிக்குள் கழிந்தது போக மீதி நிற்க, அதன்மேல் புதிய முன்பணம் ஏறிவிடுகிறது. எந்தப் பாங்கி இந்த விகிதத்தில் கடன் கொடுத்தாலும் நமது சட்டசபையில் கேள்வி கேட்பார்கள். இங்கே கேட்பாரில்லை. நோட்டுப் புத்தகத்தில் வட்டி என்ற பத்தியே கிடையாதல்லவா?

இதன் சூட்சுமத்தைத் தஞ்சாவூரில் பிறந்து காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்துக்கு உழைத்த ஜே. சி. குமரப்பா வெகுகாலத்துக்கு முன்பே எடுத்துக் காட்டினார். பண்டம் அழுகும், பணம் அழுகாது. வாழைப்பழம் விற்பவள் இன்றே விற்றாக வேண்டும். காசு வைத்திருப்பவன் நாளை வரை காத்திருக்கலாம். பேரம் படிவதற்கு முன்பே பேரம் முடிந்துவிடுகிறது என்பதே அவருடைய கருத்தின் சாரம். நாம் இதில் ஒன்றைச் சேர்ப்போம். வாழைப்பழமாவது இரண்டு நாள் தாங்கும். உழைப்போ அன்றன்று அழுகும் சரக்கு. இன்று விற்காத ஒரு நாள் உழைப்பை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. ஆகவே பணமென்பது வெறும் மாற்றுக் கருவி மாத்திரமன்று. அது காத்திருக்கும் சக்தி. அந்தச் சக்தி ஒருவனிடம் முழுதும் இருந்து மற்றவனிடம் முழுதும் இல்லாமற்போனால், இருவரும் சம்மதித்துச் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று கோர்ட்டில் சொல்லலாமேயன்றிக் கடவுளிடம் சொல்ல முடியாது.

நண்பருடைய அரிவாளுக்கு வருவோம். அரிவாளைக் கீழே வைத்தால் அது வைத்த இடத்தில் கிடக்கும். அதுதான் கருவியின் லட்சணம். தாயில்பட்டி அம்மாள் வாங்கிய நாற்பதாயிரம் கல்யாணத்திலோ ஆஸ்பத்திரியிலோ செலவழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பணம் இல்லை, ஆனால் அதன் வேலை நடந்துகொண்டிருக்கிறது. காலையில் அவரை எழுப்புகிறது, வேனில் ஏற்றுகிறது, இந்த வாசலுக்குப் போ, அந்த வாசலுக்குப் போகாதே என்று கட்டளையிடுகிறது. இதைக் கருவி என்பதா, கயிறு என்பதா? கொடுத்தவர் கையில் அது கருவிதான், அதில் சந்தேகமில்லை. பணம் கருவி என்ற சித்தாந்தம் எப்பொழுதும் பிடியைப் பிடித்திருப்பவர் வாயிலிருந்தே வருகிறது என்பதை மாத்திரம் நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தக் கயிறு தமிழனுக்குப் புதிதன்று. பாண்டி நாட்டிலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் நம்மவர் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன காலத்தில், கங்காணி கொடுத்த முன்பணமே அவர்களைக் கப்பலேற்றியது. தோட்டத்தில் இறங்கும்போதே தலையில் கடன். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் ‘துண்டு’ என்ற சீட்டு வேண்டும். இன்ன கடனைத் தீர்த்தால் இவரை விட்டுவிடுகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் மாத்திரம் ஆளோடு கூடவே போகும். மனிதரை விலைக்கு வாங்கவில்லை, கடனைத்தான் வாங்கினோம் என்று துரைமார் சொல்லிக்கொண்டார்கள். 1921-ல் இலங்கைச் சர்க்கார் சட்டத்தின் மூலம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. அந்நியத் துரைகளை எதிர்த்து மேடைதோறும் முழங்கிய நாம், நமது சொந்த ஜில்லாவில் துண்டில்லாத துண்டு முறையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா?

முதலாளிகளை அரக்கர்களாகச் சித்திரிப்பதும் நமது நோக்கமல்ல. அவர்களிலும் பலர் வேறு ஒரு கயிற்றின் நுனியில் ஆடுகிறவர்கள். வடநாட்டு மொத்த வியாபாரி ஆர்டருடன் பணம் கொடுத்தால்தான் மருந்தும் காகிதமும் வாங்க முடியும். கொடுத்தவர் சொல்லும் விலைக்குச் சரக்கு போக வேண்டும். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்புக்களையும் சரவெடியையும் தடுத்து உத்தரவிட்டபோது, ஆலைகள் பல மாதம் மூடிக் கிடந்ததை நாம் அறிவோம். காற்றின் சுத்தத்துக்காகச் செய்யப்பட்ட அந்த உத்தரவைப் பற்றி நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் மூடிய மாதங்களின் நஷ்டத்தை யார் சுமந்தார்கள்? வியாபாரியிடம் காத்திருக்கும் சக்தி இருந்தது. முதலாளியிடம் ஓரளவு இருந்தது. மிச்சமெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஏறிற்று.

கூலி நியாயம் மாத்திரமே விஷயம் என்றால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டோம். பட்டாசுத் தொழிலில் கடன் என்பது உயிர்ப் பிரச்னை. அது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும்.

வெடிபொருள் விதிகளின்படி ஒவ்வோர் அறைக்கும் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று அளவு உண்டு. அறைக்கும் அறைக்கும் இடைவெளி உண்டு. மருந்துக் கலவை தனி அறையில் நடக்க வேண்டும். ஒன்று வெடித்தாலும் மற்றொன்று தப்பவேண்டுமென்பதே இவ்விதிகளின் கருத்து. அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு இவற்றின் கலவைக்கு நெருப்பு வேண்டுமென்பதில்லை. ஓர் உராய்வு போதும். தீபாவளி நெருங்க நெருங்க அவசரம் மிகுகிறது. நால்வர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் மருந்து காய்கிறது. லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்க, அறைகளைப் பலருக்கு உள்குத்தகை விட்டு, பொறுப்பு இன்னாருடையது என்று தெரியாதபடி செய்கிற கொடுமையும் நடக்கிறது. பெரிய விபத்துக்குப் பின் விசாரணை நடக்கும்போதெல்லாம் இந்தக் காரணங்களே திரும்பத் திரும்ப வெளிவருகின்றன.

இவற்றை முதலில் காண்பவர் யார்? இன்ஸ்பெக்டர் அல்ல, அவர் வருஷத்தில் சில நாள் வருகிறார். அறையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளிதான் முதலில் காண்கிறார். “இங்கே ஆள் அதிகம், நான் உட்கார மாட்டேன்” என்று அவர் எழுந்து வெளியே வந்தால் ஒரு விபத்து தவிர்க்கப்படும். உலகில் எந்த ஆபத்தான தொழிலிலும் கடைசிக் காவல் அந்த மறுப்புத்தான். முன்பணம் வாங்கியவர் மறுக்க முடியுமா? கணக்கை முடித்துவிட்டுப் போ என்பது ஒரு வரியில் பதில். ஆகவே நோட்டுப் புத்தகம் வாங்குவது கூலியில் ஐம்பது ரூபாயை மாத்திரமல்ல. முடியாது என்று சொல்லும் வாயையும் சேர்த்து வாங்கிவிடுகிறது.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவ்வருஷமே ஜூன் மாதம் தாயில்பட்டியில், ஆலையில்கூட அல்ல, குடியிருப்பு ஒன்றில் வீட்டிலேயே பட்டாசு செய்தபோது வெடித்து, ஒரு சிறு குழந்தை உட்படச் சிலர் உயிரிழந்தனர். வீட்டில் வெடிமருந்தைக் கையாள எந்தச் சட்டமும் அனுமதிப்பதில்லை. எனினும் இவ்வட்டாரத்தில் அது நின்றபாடில்லை. சமையலடுப்புக்குப் பத்தடி தூரத்தில் மருந்தை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பத்திரிகைகளில் சிலர் எழுதினார்கள். பேராசை என்ற சொல்லை இவ்வளவு மலிவாகச் செலவழிக்கலாகாது. எண்ணிக்கைக்குக் கூலி, எண்ணிக்கை உயர்ந்தால் கணக்குச் சீக்கிரம் கழியும். பகலில் ஆபீசு, இரவில் வீடு என்று உழைக்கத் தூண்டுவதற்கு இந்த ஒரு நப்பாசை போதாதா?

விபத்துக்குப் பின் மறுபடியும் பணம் வருகிறது. அச்சங்குளத்து விபத்தன்றே பிரதமர் நிவாரண நிதியிலிருந்து இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும், மாகாணச் சர்க்காரிடமிருந்து மூன்று லட்சமும் அறிவிக்கப்பட்டன. உயிருக்கு விலையா என்று கசந்துகொள்வோர் உண்டு. நாம் அந்தக் கசப்பில் பங்குகொள்ளவில்லை. உயிருக்கு ஈடு இல்லை என்பது உண்மை. ஆனால் ஈடு இல்லை என்று சொல்லிக் கையை விரிப்பது யாருக்கு லாபம் என்று வக்கீல் தொழில் நமக்குக் கற்பித்திருக்கிறது. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இதற்கு ஒரு கணக்கை வகுத்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதே முறையையே எடுத்துக்கொண்டது. இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை, வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயதானால் அந்த எண் 184.17. மாதம் பதினையாயிரம் என்று கணக்கிட்டால் 13,81,275 ரூபாய். ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளியாயிருந்தால், அதற்குப் பதிலாகக் கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித் தொகை. அச்சங்குளம் வழக்கிலோ தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உயிரிழப்புக்கு இருபது லட்சம் என்று உத்தரவிட்டது.

நிவாரணத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நேயர்கள் பார்க்க வேண்டும். நிவாரணம் அனுதாபம், அதைச் சர்க்கார், அதாவது நாமெல்லோரும், கொடுக்கிறோம். ஆலைக்காரர் புத்தகத்தில் அதனால் ஒரு காசும் குறைவதில்லை. நஷ்டஈடு உரிமை, அது குற்றவாளியின் பெட்டியிலிருந்து வருகிறது. மரணத்துக்கு விலை ஏறினால் ஜாக்கிரதைக்கு மதிப்பு ஏறும். இந்த ஓர் இடத்தில் நமது நண்பருடைய அரிவாள் சரியாகவே அறுக்கிறது. ஆனால் ஆள் பட்டியலில் பெயர் இருந்தால்தானே உரிமை? உள்குத்தகைக்காரனிடம் வேலை செய்தவர், வீட்டில் உட்கார்ந்து செய்தவர் இவர்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? முன்பணம் எழுதிய நோட்டில் இருக்கிறது. கடனுக்காக எழுதப்பட்ட பெயர் உயிருக்காக எழுதப்படவில்லை.

சிவகாசிக்கு இதில் முன்னனுபவம் உண்டு. குழந்தைகள் தீப்பெட்டி ஆபீசுகளுக்கு இருட்டோடு வண்டியேறிய காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழந்தையின் உழைப்பை அடகு வைத்துப் பெற்றோர் பணம் வாங்குவது செல்லாது என்று 1933-லேயே சட்டம் செய்யப்பட்டிருந்தும் அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதினாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று விதித்தது. பள்ளிக்கூடங்களும் சத்துணவும் இயந்திரங்களும் பெற்றோரின் விழிப்பும் சேர்ந்து, அந்த வண்டிகள் இன்று நின்றுவிட்டன. வழக்கு ஒன்றே சாதித்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் குழந்தை மலிவான கையாக இருந்தவரை உபதேசம் பலிக்கவில்லை. விலையேறிய பின் பலிக்கத் தொடங்கிற்று.

இதே மண்ணில் பணம் வேறு விதமாகவும் நடந்து காட்டியிருக்கிறது. விருதுநகர் வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பகுதியை ‘மகமை’ என்று பொதுப் பெட்டியில் சேர்த்தார்கள். வீடுதோறும் சமைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசி பள்ளிக்கூடமாயிற்று. சத்திரிய வித்தியாசாலை என்ற அந்தப் பள்ளியில் படித்த சிறுவர்களில் ஒருவர் பின்னாளில் மதிய உணவுடன் ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்த காமராஜர். பணத்தால் எல்லாம் முடிந்துவிடவில்லை. கமுதிக் கோயில் வழக்கில் பிரிவி கவுன்சில் வரை சென்று செலவழித்தும் 1908-ல் தோல்வியே கிடைத்தது. கதவைத் திறந்தது ரூபாயல்ல, 1939-ல் மதுரையில் நடந்த ஆலயப் பிரவேசம். எனினும் மகமைப் பணத்துக்கும் முன்பணத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். மகமையின் கணக்கு சபையில் வாசிக்கப்பட்டது. யார் கொடுத்தார், எங்கே போயிற்று என்பதை எவரும் கேட்கலாம். வாங்கியவன் யாருக்கும் ஆளாகவில்லை. முன்பணத்தின் கணக்கு ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. மகமையை வளர்த்த சமூகத்திற்கு இவ்வித்தியாசத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கே அது குலதனம்.

1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை எத்தனை ஆலைக்காரர்கள் படித்திருக்கிறார்கள்? முன்பணத்துக்கு ஈடாக வேறிடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை ஒருவன் இழந்தால் அது கொத்தடிமைத்தனம் என்கிறது அச்சட்டம். விலங்கும் பூட்டும் வேண்டியதில்லை. அத்தகைய கடன் தானே ரத்தாகிறது. அது கொத்தடிமைக் கடனல்ல என்று நிரூபிக்கும் பாரம் கொடுத்தவர் தலையில் இருக்கிறது. சாதாரண வழக்குகளில் இல்லாத விசேஷம் இது. 1982-ல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி சென்று, பசியின் நிர்ப்பந்தமும் நிர்ப்பந்தமே என்று கூறிற்று. எல்லா முன்பணமும் இதில் அடங்கும் என்று நாம் சாதிக்கவில்லை. ஆபத்துக்கு உதவி, அதை மறந்தே விட்ட முதலாளிகளையும் நாம் அறிவோம். கணக்கு முடியாமல் வாசலைத் தாண்டாதே என்று சொல்லும் முன்பணத்தைத்தான் சட்டம் பிடிக்கிறது.

முன்பணத்தை நிறுத்திவிட்டால் ஏழை கந்துவட்டிக்காரனிடம் அல்லவா போவான் என்று ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபம். 2003-ல் கந்துவட்டியைத் தடுத்து நமது மாகாணத்தில் சட்டம் வந்தது. கந்துவட்டி மாத்திரம் போகவில்லை. ஆகவே கடனை நிறுத்து என்று நாம் சொல்லவில்லை. கடன் கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் ஒருவராக இருக்கலாகாது என்கிறோம். 1904-ல் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் நமது திரூரில் தோன்றிற்று. விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுக்கும் சங்கங்கள், தீபாவளிக்குப் பின் வரும் வெறும் வாரங்களுக்குப் பட்டாசுத் தொழிலாளிக்குக் கடன் கொடுத்தாலென்ன? விவசாயிக்குப் பயிர்ப் பருவம் போல இவர்களுக்கும் ஒரு பருவம் இருக்கிறது. பெண்களின் சுய உதவிக் குழுக்கள் தவறாமல் கடனைத் திருப்பும் பழக்கத்தை ஊர்தோறும் ஏற்படுத்தியிருக்கின்றன. சங்கத்துக்குத் தவணை கட்டும் பெண், எந்த ஆபீசில் வேலை செய்தாலும் கட்டலாம். ஆள் அதிகமான அறையிலிருந்து எழுந்தும் போகலாம்.

அதுவரையில், இருக்கும் முன்பணமாவது வெளிச்சத்துக்கு வரட்டும். கொடுத்த தொகை, கழிந்தது, நின்றது மூன்றையும் எழுதிய ஒரு பிரதி தொழிலாளி கையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஆலையின் வருகைப் பட்டியலிலும் ஈ.எஸ்.ஐ. பதிவிலும் இருக்கிறதா என்று அதிகாரிகள் ஒத்துப் பார்க்க வேண்டும். கடனாளியென்று எழுதத் தெரிந்தவருக்குத் தொழிலாளியென்று எழுதுவது சிரமமாகாது. ஜில்லா கலெக்டரும் 1976-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த கண்காணிப்புக் கமிட்டியும் விபத்துக்கு அடுத்த நாள் வருவதை விட்டு, தீபாவளிக்கு ஆறு மாதம் முன்னதாக வரட்டும்.

ஆறு மாதம் முன்பென்றால் ஏறக்குறைய மே மாதம். மே 1-ந் தேதி தமிழ்நாட்டில் கிராம சபைகள் கூடுகின்றன; தொழிலாளர் தினமும் அதுவே. தாயில்பட்டிக் கிராம சபையில் குடிதண்ணீர், தெருவிளக்கு ஆகிய விஷயங்கள் முடிந்த பிறகு, முன்பணம் வாங்கியோர் தங்கள் கணக்கைச் சொல்லலாம். கொடுத்தோர் தங்கள் நோட்டைக் கொண்டுவந்து வாசிக்கலாம். சிவகாசி நண்பரிடம் இதைச் சொன்னோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “என் நோட்டை நான் கொண்டுவருகிறேன். மற்றவர்கள் வருவார்களா, தெரியவில்லை” என்றார். மே முதல் தேதி நாமும் போவதாக இருக்கிறோம்.